கேளுங்க அக்கா: கத்தரி பிடித்தவர்களின் போட்டி

இரண்டு இதழ்களுக்கு முன்னால், லேயர் கட் பற்றிய பதிலில், அமெரிக்காவில் முடி வெட்டுகிறவர்களுக்கென்றே டி.வி.யில் ஒரு போட்டி நடந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பொடுகு, முடி உதிர்வுக் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, இந்த முறை இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

சமையல் போட்டி, பாட்டுப் போட்டி பார்த்திருக்கிறோம். முடி வெட்டுவதில் என்ன போட்டி? அந்த நிகழ்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்.
– ஒரு வாசகி, கரூர்

நிகழ்ச்சியின் பெயர் 'ஷியர் ஜீனியஸ்'. 2007 ஏப்ரலில் பிராவோ சேனலில் ஆரம்பித்தது. 2007, 2008, 2010 என்று மூன்று சீசன் வந்தது. முதல் இரண்டையும் தொகுத்து வழங்கியவர் 'சார்லீஸ் ஏஞ்சல்ஸ்' தொடரில் நடித்த ஜாக்லின் ஸ்மித். மூன்றாவதற்கு மாடல் கமிலா ஆல்வெஸ்.

நான் பார்த்தது 2010இல். தங்கையின் பிரசவத்துக்காக நியூ ஜெர்சி போயிருந்தேன். பிப்ரவரி மாதம், ஜன்னலுக்கு வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மூன்றாவது சீசனைப் பார்த்தேன். என் ஆர்வத்தைப் பார்த்துவிட்டு முதல் இரண்டு சீசனையும் தங்கை தேடிப் போட்டுக் கொடுத்தாள். அவர்கள் பேசும் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் கத்தரி பிடித்த கை என்ன செய்கிறது என்பது எந்த நாட்டில் இருந்தாலும் புரியுமே!

முதலில் 'ஷார்ட்கட்' என்று ஒரு சின்னப் பரீட்சை. அப்புறம் பெரிய பரீட்சை. அதன் முடிவில் நடுவர்கள் முன் வரிசையாக நிற்பார்கள், ஒருவர் பெட்டியைக் கட்டுவார். முதல் சீசனில் 12 பேர் வந்தார்கள், கடைசியில் நின்றவர் ஆன்தனி மாரிசன். பரிசு 1,00,000 டாலர். அடுத்த சீசனில் டீ அடாமெஸ், மூன்றாவதில் பிரிக் வான் ஆஸ்டன் ஜெயித்தார்கள்.

சரி, இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். சமையல் போட்டியில் குழம்பு கெட்டால் கொட்டிவிடலாம். பாட்டில் சுருதி போனால் அந்த நிமிடத்தோடு போயிற்று. இங்கே நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். போட்டியாளர் தோற்று வீட்டுக்குப் போவார். அவளும் வீட்டுக்குத்தான் போவாள், அந்தத் தலையோடு! முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒன்றேகால். தோளில் இருந்ததைக் காதுக்கு ஏற்றிவிட்டால் பழைய இடத்துக்கு வர ஒரு வருடத்துக்கு மேலாகும். அதனால் நான் அந்த நிகழ்ச்சியில் போட்டியாளரைப் பார்த்ததைவிட நாற்காலியில் இருப்பவரைத்தான் அதிகம் பார்த்தேன். முகம் சிரிக்கும். கேமரா இருக்கிறதே! ஆனால் போர்த்தியிருக்கும் கேப் மடியில் இரண்டு இடத்தில் குமிழ் மாதிரி எழும்பி இருந்தால், உள்ளே இரண்டு கையையும் இறுக்கி மூடி வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். என் பார்லரிலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். குமிழ் எழும்பினால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தரம் பேசுவேன்.

நன்றாகச் செய்கிறவர்களையே பாதியில் அனுப்பிவிடுகிறார்களே? இந்த மாதிரி நிகழ்ச்சிகள் எல்லாம் நாடகம்தானே?
– ஒரு வாசகர், மதுரை

நாடகம் சேர்ப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. மணிக்கணக்கில் எடுத்ததை ஒரு மணி நேரத்துக்குள் அடக்கும்போது சண்டையும் கண்ணீரும்தான் மிஞ்சும், சீப்புப் பிடித்த நேரம் காணாமல் போய்விடும்.

ஆனால் நடுவர்களை அப்படித் தள்ள முடியாது. முதல் சீசனில் ஸாலி ஹெர்ஷ்பெர்கர் இருந்தார். நடிகை மெக் ரயனுக்கு அந்தக் கலைந்த மாதிரியான ஷேக் கட்டை வெட்டியவர். அவர் மாதிரி ஆட்கள் தலையைத் தூரத்தில் இருந்து பார்த்து மார்க் போட மாட்டார்கள். விரலை வேர் வரை விட்டு, முடியை இரண்டு விரலுக்கு நடுவில் எடுத்து, நுனி வரை வழித்துக்கொண்டு வருவார்கள். ஒரு கற்றை நீளம், பக்கத்துக் கற்றை குட்டை என்றால் விரலில் படி இறங்குகிற மாதிரி தட்டும். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும்.

எனக்குக் குறை என்று தோன்றியது வேறு. நடுவர் பார்ப்பது ப்ளோ ட்ரை செய்த முடி. சூட்டில் இழுத்துக் காயவைத்தால் எந்த முடியும் கொஞ்ச நேரம் சொன்ன பேச்சு கேட்கும். முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீரில் அவிழ்ந்து, காயும்போது வைத்த இடத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் சூட்சுமம். அடுத்த தண்ணீர் படும் வரை அந்த அழகு நிற்கும். வெட்டு நல்ல வெட்டா என்பது ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, துண்டால் துவட்டி, மொட்டை மாடியில் நிற்கும்போதுதான் தெரியும். லண்டனில் முடி வெட்டிய விடல் ஸசூன் பெயர் வாங்கியதே அதனால்தான். 1963இல் நடிகை நான்சி குவானுக்கு அவர் வெட்டிய பாப் கட், தலையை எப்படி ஆட்டினாலும் தானாகத் தன் இடத்தில் வந்து விழும். சுருளும் வேண்டாம், ஸ்பிரேயும் வேண்டாம். போட்டியில் நடுவர்கள் ஒரு முறையாவது எல்லாத் தலையிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு மார்க் போட்டிருக்க வேண்டும் என்பது என் ஆசை.

வெளியேற்றப்பட்டவர் என்றால் தோற்றவர் என்று எண்ணிவிடாதீர்கள். முதல் சீசனில் டாபத்தா காஃபி என்று ஒருவர். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், நியூ ஜெர்சியில் ரிட்ஜ்வுட் என்ற ஊரில் சலூன் வைத்திருந்தார். வெள்ளை வெளேர் என்று குட்டை முடி, கறுப்பு உடை, மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லும் வாய். அவர் ஜெயிக்கவில்லை. ஆனால் பார்வையாளர்களுக்குப் பிடித்தவர் அவர்தான். 2008இல் அவருக்கே தனி நிகழ்ச்சி கொடுத்தார்கள். நொடித்துப்போன சலூன்களுக்குள் போய், மறைவாகக் கேமரா வைத்து நடப்பதைப் பார்த்து, ஒரு வாரம் பொறுப்பைத் தன் கையில் எடுத்துத் தூக்கி நிறுத்துவார். அழுக்குச் சலூனைக் கண்டால் விடவே மாட்டார். ஊருக்குத் திரும்பி நான் செய்த முதல் வேலை, சீப்பும் பிரஷும் மூன்று செட் வாங்கியது. ஒருவருக்குப் பட்டது கழுவி, மருந்துத் தண்ணீரில் ஊறி வெளியே வரும் வரை அடுத்தவர் தலைக்குப் போகாது. இன்றைக்கும் அப்படித்தான்.

டி.வி.யில் இரண்டு மணி நேரத்தில் கறுப்பு முடியைப் பொன்னிறமாக்கிவிடுகிறார்கள். நம் ஊர் பார்லரில் கேட்டால் 'இரண்டு மூன்று தடவை வர வேண்டும்' என்கிறார்கள். காசு பிடுங்கத்தானே?
– கல்லூரி மாணவி, கோவை

இல்லை கண்ணு. உன்னை மூன்று தடவை வரச் சொன்னவர் நல்லவர்.

நம் முடியில் கறுப்பு ஒரே மூச்சில் போகாது. ப்ளீச் வைத்தால் முதலில் செம்பழுப்பு, அப்புறம் செங்கல் சிவப்பு, அப்புறம் பப்பாளிப் பழ நிறம், அப்புறம் மஞ்சள். வாழைப்பழத் தோலின் உள்பக்கம் மாதிரி வெளுத்த பிறகுதான் பொன்னிறத்தை மேலே ஏற்ற முடியும். ஒவ்வொரு படிக்கும் முடி கொஞ்சம் பலத்தை விட்டுக்கொடுக்கிறது. ப்ளீச்சில் கலக்கும் டெவலப்பரில் ஹைட்ரஜன் பெராக்சைடு 6 சதவீதம் என்றால் மெதுவாகப் போகும், 12 சதவீதம் என்றால் ஓடும். ஓடினால் உச்சந்தலை எரியும், முடி ஈரத்தில் ரப்பர் மாதிரி இழுபடும். அப்படி இழுபட்டு, சீப்போடு கையில் வந்த முடியை நான் பார்த்திருக்கிறேன். வேறு எங்கோ செய்துகொண்டு, அழுதுகொண்டே என்னிடம் வந்த பெண் அவள். ஒட்ட வெட்டுவதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கடிகாரம் ஓடுகிற போட்டியில் கலர் பரீட்சை வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். கத்தரிக்கு அவசரம் காட்டலாம், ரசாயனத்துக்குக் காட்ட முடியாது. எந்தக் கலர் போடுவதானாலும் 48 மணி நேரத்துக்கு முன் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அந்தக் கலர் உங்களுக்கு இல்லை.

என் மகளுக்கு சுருட்டை முடி. வெட்டப் போன இடத்தில் எல்லாம் கெடுத்துத்தான் அனுப்புகிறார்கள். அந்தப் போட்டிக்காரர்களுக்காவது சுருட்டை வெட்டத் தெரிந்ததா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். எனக்கு இதில் ஒரு கடன் இருக்கிறது.

எனக்கு அப்போது 22 வயது. இன்னொருவர் பார்லரில் உதவியாளாக இருந்தேன். ப்ளஸ் டூ முடித்த ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். இடுப்பு வரை ஸ்பிரிங் ஸ்பிரிங்காக முடி. தோளுக்குக் கொஞ்சம் கீழே நிற்கட்டும் என்றார்கள். நான் கோரை முடிக்குச் செய்கிற மாதிரியே நன்றாக நனைத்து, சீப்பால் இழுத்துப் பிடித்து, தோளுக்கு நான்கு விரல் கீழே நேர்க்கோடு வெட்டினேன். ஈரத்தில் இழுத்தால் முடி கால் பங்குக்கு மேல்கூட நீளும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காயக் காய அது ஏறியது. தோளைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, காதுக்குப் பக்கத்தில் குடை மாதிரி விரிந்து நின்றது. அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு படி இறங்கினாள். அவள் அம்மா மட்டும் திரும்பி வந்து, தரையில் கிடந்த முடியைக் கையால் வாரி, பழைய பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதன் பிறகுதான் கற்றுக்கொண்டேன். சுருட்டையைக் காய்ந்த நிலையில், அது தானாக விழும் இடத்தைப் பார்த்து, சுருள் சுருளாக எடுத்து வெட்ட வேண்டும். ஒவ்வொரு சுருளும் வேறு வேறு. பின் கழுத்தில் இறுக்கமாக இருக்கும், நெற்றியில் தளர்ந்து இருக்கும். உச்சியில் இரட்டைச் சுழி இருந்தால் அதற்குத் தனிக் கணக்கு.

அமெரிக்காவில் இது இன்னும் பெரிய விஷயம். கறுப்பினப் பெண்களின் முடி குறுக்கே வெட்டிப் பார்த்தால் தட்டையான முட்டை வடிவம், அதனால் இறுக்கமாகச் சுருளும். அந்த முடியைத் தொடவே தெரியாமல் லைசென்ஸ் வாங்கியவர்கள் அங்கே நிறைய. சலூனுக்குள் நுழைந்து 'உங்கள் முடிக்கு இங்கே ஆள் இல்லை' என்ற பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். எல்லா வகை முடியையும் கையாளப் பயிற்சி கட்டாயம் என்று நியூயார்க் மாநிலத்தில் சட்டம் வந்ததே 2023இல்தான். போட்டிகளிலும் இதுதான் எனக்கு உண்மையான பரீட்சை. வழுவழுப்பான நேர் முடியில் வித்தை காட்ட நூறு பேர் இருக்கிறார்கள்.

உங்கள் மகளை அழைத்துப் போகும் இடத்தில் முதலில் ஒன்று கேளுங்கள்: "ஈரத்தில் வெட்டுவீர்களா, காயவைத்து வெட்டுவீர்களா?" பதில் சொல்லாமல் ஸ்பிரே பாட்டிலை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அங்கே ஒட்டுமுடி வைக்கிறார்களே, அது நம் கோயிலில் மொட்டை போட்ட முடி என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், பழனி

ஒரு பங்கு உண்மை. திருமலையில் காணிக்கையாக விழும் முடியைத் தேவஸ்தானம் தரம் பிரித்து ஏலம் விடுகிறது. சாயம் படாமல், ஒரே திசையில் வெட்டி எடுத்த நீள முடிக்கு வெளிநாட்டில் மதிப்பு அதிகம். 2009இல் நடிகர் கிறிஸ் ராக் 'குட் ஹேர்' என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதில் அட்லாண்டாவில் நடக்கும் கறுப்பின முடி அலங்காரப் போட்டியும் வரும், திருமலையில் மொட்டை போடுகிற இடமும் வரும். அட்லாண்டா மேடையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஒருவர் முடி வெட்டுவார். அந்தத் திறமைக்கு வியப்பேன். ஆனால் என் மனதில் நின்றது இந்தப் பக்கம்தான். வேண்டுதலுக்காகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு, தன் முடி எந்த ஊரில் யார் தலைக்குப் போகிறது என்று யாரும் சொல்வதில்லை.

என் அப்பா கிராமத்தில் முடி திருத்தும் வேலை செய்தவர். வாசலுக்கு வெளியே உட்கார்ந்து வெட்டிவிட்டு, வருடக் கூலியாக நெல் வாங்கி வந்தவர். நான் படித்து அரசு வேலைக்கு வந்தேன். இப்போது 17 வயது மகன் 'தாத்தா வேலைதான் செய்வேன்' என்கிறான். நீங்கள் சொன்ன அந்த நிகழ்ச்சியைத் தேடிப் பிடித்து எனக்கே போட்டுக் காட்டுகிறான். என்ன சொல்வது என்று தெரியவில்லை.
– ஒரு வாசகர், விருதுநகர் மாவட்டம்

ஐயா, உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன்.

நான் இந்தத் தொழிலில் பிறந்தவள் இல்லை. டிப்ளமா வாங்கி வந்தவள். ஆனால் எனக்குக் கத்தரி பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர், பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னக் கடை வைத்திருந்த உங்கள் அப்பா வயதுப் பெரியவர். "கையை ஆட்டாதம்மா, கட்டை விரல் மட்டும் அசையணும், கீழ் அலகு அப்படியே நிக்கணும்" என்று என் நான்கு விரலையும் துணியால் கட்டிவைத்துப் பழக்கினார். டிப்ளமா வகுப்பில் யாரும் சொல்லாதது அது. அதே வேலையைச் செய்த என்னை ஊர் 'மேடம்' என்றது. அவரைச் சின்னப் பையன்கள்கூட 'வா, போ' என்றார்கள். அவர் கடையில் உட்கார்ந்து அதைக் காதால் கேட்டிருக்கிறேன். இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் தயங்குவதில் தப்பே இல்லை. நீங்கள் எதிலிருந்து வெளியே வந்தீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. அதை ஒருநாள் அவனை உட்காரவைத்துச் சொல்லுங்கள். தாத்தா எங்கே உட்கார்ந்து வெட்டினார் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் அவன் வேண்டும் என்றால், தடுக்காதீர்கள்.

போட்டிதான் அவன் கனவு என்றால் டி.வி.யை நம்ப வேண்டாம். 'வேர்ல்ட் ஸ்கில்ஸ்' என்று இரண்டு வருடத்துக்கு ஒரு முறை உலகப் போட்டி நடக்கிறது. அதில் முடி அலங்காரம் ஒரு பிரிவு. 2024 செப்டம்பரில் பிரான்சில் லியோன் நகரில் நடந்தது. பெரும்பாலும் டம்மி தலையில்தான் வேலை, நான்கு நாள் பரீட்சை, கண்ணீர்க் காட்சி கிடையாது. நம் நாட்டில் மாநில அளவிலும் தேசிய அளவிலும் 'இந்தியா ஸ்கில்ஸ்' போட்டி வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலான பிரிவுகளுக்கு வயது வரம்பு 22. உங்கள் மகனுக்கு ஐந்து வருடம் இருக்கிறது, போதும்.

இப்போதைக்கு ஐந்தரை அங்குலக் கத்தரி ஒன்று வாங்கிக் கொடுங்கள். அதால் பேப்பர், துணி, டேப் எதுவும் வெட்டக் கூடாது, வெட்டினால் அலகு போய்விடும். தினம் அரை மணி நேரம், வெறும் காற்றில், கட்டை விரல் மட்டும் அசைகிற மாதிரி பழகட்டும். ப்ளஸ் டூ பரீட்சை முடிந்ததும் என் பார்லருக்கு ஒரு மாதம் அனுப்புங்கள். விலாசம் பத்திரிகை அலுவலகத்தில் கிடைக்கும். முதல் வாரம் துண்டு மடிப்பதும் தலை கழுவிவிடுவதும்தான், கத்தரியைத் தொட விட மாட்டேன். தாத்தாவின் பழைய பெட்டியும் கத்தரியும் வீட்டில் இருந்தால் கொடுத்தனுப்புங்கள். சாணை பிடித்து வைக்கிறேன்.